மரைக்குள் சந்தனம்

கல்கத்தா கிடர்பூரில் குட்டி லாரிகள் முட்டி மோதித் திரும்பும் சந்து ஒன்றில் இராஜமாணிக்கத்தின் கடை இருக்கிறது. கடை என்று அவர்தான் சொல்லிக்கொள்கிறார். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். ஒரு லேத், துளை போடும் மெஷின், காற்றடிக்கும் கம்ப்ரஸர், சுவர் முழுக்க வரிசையாக டேப்புகள். டேப் என்பது உலோகத் துளைக்குள் மரை வெட்டுகிற எஃகுக் கருவி. அவர் செய்வது ஒரே வேலை. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் போல்ட் உட்காரும் துளையின் மரை பிய்ந்து போயிருந்தால் அதைத் திரும்ப உண்டாக்கித் தருவார். வங்காளிகள் அதைப் பேச் என்பார்கள், பீகார்க்காரர்கள் சூடி என்பார்கள், வீட்டில் மரை. மூன்று பெயரிலும் அவருக்கு வேலை வரும்.

அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகன் பிறந்தது, படித்தது, படிப்பை விட்டது எல்லாம் கல்கத்தாவில்தான். கப்பல் ரிப்பேர் பட்டறை ஒன்றில் சேர்ந்து பல வருஷம் எண்ணெயில் ஊறினார். எஞ்சின்கள் பெரும்பாலும் பெரிய காரணத்தால் கெடுவதில்லை, யாரோ ஒருவர் ஏதோ ஒரு போல்ட்டைத் தேவைக்கு மேல் முறுக்கியதால்தான் கெடுகின்றன என்பதை அங்கே கண்டுகொண்டார். அலுமினியம் மெத்தென்ற உலோகம். அதில் வெட்டிய மரையை அளவோடு பிடித்தால் எஞ்சின் இருக்கும்வரை இருக்கும். அளவு தாண்டினால் சுருள் சுருளாகப் பிய்ந்து போல்ட்டோடு கையில் வந்துவிடும். உலகத்தில் இத்தனை முரட்டுக் கைகள் இருக்கும்வரை தனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று கணக்குப் போட்டுத் தனிக்கடை வைத்தார். கணக்குத் தப்பவில்லை.

மோட்டார் பைக், ஆட்டோ, ஜெனரேட்டர், கங்கையில் ஓடும் மோட்டார் படகு என்று எதனுடைய ஹெட்டும் அவர் மேஜைக்கு வரும். வருகிறவர்களுக்கெல்லாம் வேலை முடிவதற்குள் ஒரு பிரசங்கம் இலவசம். "இறுக்கி முடிச்ச பிறகு எல்லாரும் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கறீங்களே, ஏன்? போல்ட்டு உங்களைக் கேட்டுச்சா? அந்த ஒரு இழுப்புலதான் எஞ்சின் சாகுது!" என்று கல்கத்தா வங்காளியில் பொரிந்து தள்ளுவார். அவர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். பிறகு அவர் கெட்டுப்போன துளையைக் கொஞ்சம் அகலமாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை நிதானமாகத் திருகி இறக்குவார். காயில் என்பார்கள் அந்தச் சுருளை. இனி அதுதான் மரை. கடைசியில் போல்ட்டை இரண்டே விரலால் திருகுவார். அது தடையில்லாமல் அடிவரை இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே டீக்கடைக்காரர் பாதிக் கிளாஸோடு வந்து நிற்பதுண்டு.

இவ்வளவு சந்தோஷமான மனிதருக்கு எதிர்க்கடைக்காரரோடு மட்டும் பேச்சு வார்த்தை கிடையாது. எதிரே ஹரிஷங்கர். பீகாரில் சமஸ்திபூர்க்காரர், அகலமான ஆள், அவருக்கும் இதே வேலை. ஆனால் அவர் காயில் போட மாட்டார். வெளியிலும் உள்ளிலும் மரை வெட்டிய கெட்டியான உலோகப் புஷ் ஒன்றைத் துளைக்குள் இறக்குவார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டீக்கடையில் வைத்து, "காயிலா? அது பேனாவுக்குள்ள போடற ஸ்பிரிங்" என்றார் ஹரிஷங்கர். "புஷ்ஷா? பல்லு போன இடத்துல ஆப்பு அடிக்கிறது" என்றார் இராஜமாணிக்கம். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் இருவரும் வாழ்நாள் எதிரிகளாகி விட்டார்கள். எட்டு அடி அகலச் சந்தின் இரு புறமும் உட்கார்ந்துகொண்டு பத்து வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். இருவருக்கும் அது இருந்தது.

பிரசாதம் மட்டும் சந்தைக் கடந்தது. விஸ்வகர்மா பூஜையன்று வானம் முழுக்கக் காற்றாடி பறக்கும்போது ஹரிஷங்கர் கடையிலிருந்து பூந்தி வரும். அந்தப் பூஜைக்கு இராஜமாணிக்கம் சந்தா கொடுப்பார், கிச்சடி சாப்பிடுவார், கருவிகளை மட்டும் கொண்டுபோய் வைக்க மாட்டார். "என் சாமான் நவமிக்குத்தான் உக்காரும்" என்பார். அவருடைய ஆயுத பூஜை, ஊர் முழுக்க துர்கா பூஜையில் திளைத்துக் கிடக்கும் நவமியன்று. அன்றைக்கு இவர் கடையிலிருந்து சுண்டல் போகும். கொண்டுபோவது அவர் மனைவி வசந்தி. ஹரிஷங்கருக்கு அவள் பாபி, அதாவது அண்ணி. அவளுக்கு அவர் பையா, அண்ணன். இராஜமாணிக்கம் அந்த நேரத்தில் லேத்துக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

கதை இனி வசந்தியைப் பற்றியது, வசந்தியின் வேனைப் பற்றியது. அவர்கள் வீடு டாக்குரியாவில். அங்கே அவளுடைய தோசைக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வங்காளிகள் வாயில் 'பாஷொந்தி பௌதி' ஆகிவிட்ட வசந்தி அண்ணி வீட்டு வாசலில் டப்பாவோடு ஆள் நிற்கும். பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, பின்பக்கத்தில் அடுப்பும் தோசைக்கல்லும் வைத்தாள். கல்லை வேனோடு சேர்த்து போல்ட் போட்டுக் கொடுத்தது, சொல்ல வேண்டுமா, அவள் வீட்டுக்காரர்தான். மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு, போன வருஷம்தான் பாடாவின், அதாவது அவர்கள் பேட்டையின், பூஜைக் கமிட்டி அவளுக்கு இடம் கொடுத்தது. நவமி சாயங்காலம் ஒரே வேளை, பந்தலுக்குப் பக்கத்தில். ஜனங்களுக்குப் பிடித்தால் அடுத்த வருஷம் பூஜை முழுக்க. வராமல் போனால் அந்த இடம் எக் ரோல்காரருக்கு. அவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து அந்த இடத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

நவமிக்கு மூன்று நாள் முன்னால், சஷ்டியன்று, வேன் எஞ்சினில் தண்ணீர் கசிந்தது. இராஜமாணிக்கத்துக்கு உள்ளூரக் குஷி. ஹெட்டைக் கழற்றி, முகத்தை மட்டமாகத் தேய்க்கக் கொடுத்து அனுப்பினார். பூஜைக் கூட்டத்தில் அது நகர்ந்து நகர்ந்து அஷ்டமி பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பி வந்தது. "நாளைக்குக் காலையில பூசைய முடிச்சிட்டு மாட்டிருதேன். உச்சிக்குள்ள நீ வண்டிய எடுத்துரலாம்" என்றார் வசந்தியிடம்.

"நவமியில சாமானத் தொடமாட்டியளே?" என்றாள் அவள்.

அதற்கும் அவரிடம் விடை இருந்தது. வண்டியோடு வந்த ஸ்பானர்கள் வண்டியைச் சேர்ந்தவை, கடையைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே அவை பூஜையில் உட்கார வேண்டியதில்லை. அளவாக இறுக்குகிற டார்க் ஸ்பானரையும் சத்தமில்லாமல் வண்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சரஸ்வதி இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள் என்பது அவர் நம்பிக்கை.

நவமி காலையில் கடையைக் கழுவி, சிவப்புத் துணி விரித்து, டேப்புகளையும் துளைக் கருவிகளையும் காயில் பெட்டிகளையும் அடுக்கினார். லேத்துக்கு மாலை, கம்ப்ரஸருக்கு மாலை. நடுவில் இடம் வெறுமையாகத் தெரிந்தது. தேய்த்து வந்த ஹெட் பளபளவென்று மேஜைமேல் இருந்தது. மனுஷனுக்கு ஆசை யாரை விட்டது! அதைத் தூக்கி நடுவில் நிமிர்த்தி வைத்தார். புகைக்குழாய் வந்து பொருந்துகிற பக்கம் அவரைப் பார்த்தபடி இருந்தது, போல்ட் துளைகள் வரிசையாக. ஒவ்வொரு துளைமேலும் கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தார். கடையில் இவ்வளவு அழகான பூஜையை அவரே பார்த்ததில்லை. வசந்தி சூடம் காட்டினாள். ஒரே ஒரு வேண்டுதல்தான், அதையும் வாய்விட்டே சொன்னாள்: "தாயே, வண்டி நல்லபடியாப் போயிச் சேரணும்."

சுண்டல் சந்தைக் கடந்து போனது. கொஞ்ச நேரம் கழித்து இராஜமாணிக்கம் ஹெட்டை மட்டும் கும்பிட்டு எடுத்தார். அது வண்டியின் சொத்து அல்லவா! சந்தனம் அதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தது. சாதாரண நாளில் அவர் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் துளைக்குள் காற்றடிப்பார், டேப்பை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். அன்றைக்குக் கம்ப்ரஸர் கழுத்தில் மாலை, டேப்புகள் பூவுக்கடியில். துணியைக் குச்சியில் சுற்றித் துளைகளைத் துடைத்தார். முன்னால் இருந்தவை சுத்தமாயின. ஓரத்துத் துளை அடிமூடிய துளை, மறுபக்கம் திறக்காது. அதன் அடியில் சந்தனம் கட்டியாகக் காய்ந்து கிடந்தது. அவர் விரலுக்குத் தெரியவில்லை.

ஹெட் உட்கார்ந்தது. புகைக்குழாயைப் பொருத்தி ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். ஓரத்துப் போல்ட் பாதி இறங்கும்போதே இறுகிவிட்ட மாதிரி நின்றது. ஆனால் அந்த முனையில் குழாய் இன்னும் லேசாக ஆடியது. வாசலில் வசந்தி புதுப் புடவையில் காத்துக்கொண்டிருந்தாள். போனில் மகள் பிரியங்கா டாக்குரியாவிலிருந்து, "அப்பா, கமிட்டி ஜிக்கேஷ் கொர்ச்சே, கேட்டுக்கிட்டே இருக்காங்க, வண்டி எப்போ வரும்? மாவு டப் மூடியத் தள்ளுது!" என்று கத்திக்கொண்டிருந்தாள். வேனின் சாப்பாட்டுக் கடை அனுமதி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்த நம்பர் வண்டிக்கு மட்டும்தான் அது செல்லும். மத்தியானம் சாய்ந்தால் போலீஸ் பாலத்துப் பக்கம் வண்டிகளை மறித்துவிடும்.

இராஜமாணிக்கம் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.

கையில் ஒரு சின்ன வழுக்கல். பிறகு ஸ்பானர் எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. போல்ட்டை உருவிப் பார்த்தால், அதன் பற்களில் அலுமினியம் வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு. மோந்து பார்த்தார். நல்ல மைசூர்ச் சந்தனம்.

உலகத்துக்கெல்லாம் உபதேசம் செய்த வாய். ஊரான் வண்டியானால்கூடப் பரவாயில்லை, வசந்தியின் வண்டி, வசந்தியின் ஒரே சாயங்காலம்.

"என்ன ஆச்சு?" என்று வசந்தி வந்தாள். அவர் போல்ட்டைக் காட்டினார். இருபது வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முகம் ஒரு நொடி வாடியது. வேனின் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். இது தாங்கவில்லை. விடுவிடுவென்று கடைக்குள் போய், சிவப்புத் துணிமேல் இருந்த பூவை விலக்கி டேப்பை எடுக்கக் கை நீட்டினார்.

மணிக்கட்டை வசந்தி பிடித்தாள். "எடுக்காதிய."

"எடுக்காம? உன் கடை போயிருமே!"

"போனாப் போவட்டும். வண்டிக்காகத்தான கும்பிட்டேன். கும்பிட்ட கையோட அதக் கலைச்சிட்டு நான் போயித் தோச சுடவா?" கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் ஆடவில்லை. பிறகு எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பினாள். "உங்க டேப்பு இன்னைக்கு லீவு. ஹரி அண்ணன் டேப்பு விஸ்வகர்மா பூசையிலயே லீவு எடுத்திருச்சில்லா? அது சும்மாதான கிடக்கு?"

எட்டு அடிச் சந்தை இராஜமாணிக்கம் கடந்தது பற்றி டீக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். முதலில் வேட்டியைச் சரிசெய்தார். ஒரு கைவண்டிக்கு வழிவிட்டார். வராத லாரி ஒன்றுக்கும் வழிவிட்டார். எதிர்க்கடை வாசலில் போய் நின்றபோது ஹரிஷங்கர் ஸ்டூலில் உட்கார்ந்து இலைக்கிண்ணத்திலிருந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு இந்தியில் நடந்தது.

"மிளகாய் கொஞ்சம் தூக்கல்" என்றார் ஹரிஷங்கர், சுவரைப் பார்த்து.

"ஒரு மரை போயிருச்சு" என்றார் இராஜமாணிக்கம், தரையைப் பார்த்து.

"யாரோடது?"

"வசந்தி வண்டி."

ஹரிஷங்கர் சாப்பிடுவதை நிறுத்தினார். "பாபிக்கு இன்னைக்குத்தானே கடை? யார் கெடுத்தது?"

இராஜமாணிக்கம் வேட்டி நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான்தான்."

"எப்படி?"

"...இன்னும் ஒரு இழுப்பு."

ஹரிஷங்கர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது, தோள் குலுங்கியது, கடைசியில் ஸ்டூலே குலுங்கியது. பத்து வருஷமாக எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மனுஷர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், கையைக் கழுவிவிட்டுப் பெட்டியை எடுத்தார். "ஆனா ஒண்ணு மாணிக். என் சாமான், என் கை, என் புஷ்."

புஷ்! இராஜமாணிக்கம் திரும்பினார். வேனருகே கைகட்டி நின்றிருந்த வசந்தியைப் பார்த்தார். "சரி" என்றார்.

வேனின் முன்சீட்டைத் தூக்கினால் எஞ்சின். ஓரத்துத் துளை இருந்த இடத்துக்குச் சாதாரண டிரில் போகாது. ஹரிஷங்கரிடம் கழுத்து மடங்கிய டிரில் ஒன்று இருந்தது, இராஜமாணிக்கம் பத்து வருஷமாக ஓரக்கண்ணால் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த டிரில். புகைக்குழாயைக் கழற்றி, உலோகத் துகள் உள்ளே விழாமல் இருக்கப் பக்கத்துத் துவாரங்களில் துணி அடைத்தார்கள். டிரில் நுனியில் கிரீஸ் தடவினார்கள், துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் அடியில் கிடந்த சந்தனக் கட்டியை ஹரிஷங்கர் ஊசியால் குத்திக் குத்தி வெளியே எடுத்தார். எடுத்ததை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"சுவரு கனம் போதுமா பாரு" என்றார் இராஜமாணிக்கம். "புஷ்ஷுக்குப் பெரிய துளை வேணும். மெல்லிசா இருந்தா வெடிச்சிரும்."

ஹரிஷங்கர் விரலால் தடவிப் பார்த்தார். "இங்கே கனம் இருக்கு. கனம் இல்லாத இடத்துல நான் என்னைக்குப் புஷ் போட்டிருக்கேன்? அதையெல்லாம் உன்கிட்டத்தானே அனுப்பிர்றேன்."

"என்கிட்டயா?"

"பின்னே? மெல்லிசு ஹெட்டு வந்தா, இது காயில் வேலைப்பா, எதிர்ல போன்னு கையைக் காட்டிருவேன். பேரைச் சொல்லாதேன்னும் சொல்லிருவேன்."

இராஜமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்கூட்டர் ஹெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, யாரோ ஒருத்தர் சொன்னார் என்று இழுத்தவர்கள் எத்தனை பேர்! தன் புகழ் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது என்றல்லவா அவர் நினைத்திருந்தார். புகழ் எட்டு அடி தூரத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவில் நெஞ்சு நிறைந்தும் இருந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

"அழுவுறதை அப்புறம் வச்சுக்க. டிரில் நேரா நிக்குதான்னு பாரு" என்றார் ஹரிஷங்கர்.

அதுதான் இந்த வேலையின் உயிர். துளை துளியூண்டு சாய்ந்தாலும் போல்ட் கோணலாக இறங்கும். மடங்கிக் கிடந்து துளைக்கிறவருக்குச் சாய்வு தெரியாது. பக்கத்திலிருந்து இன்னொருவர் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். இராஜமாணிக்கத்தின் மூலைமட்டம் பூஜையில். ஹரிஷங்கருடையதைத் தொட்டாலும் கருவி கருவிதானே என்று அவர் தயங்கினார். வசந்தி வேனுக்குப் பின்னால் போய்த் தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது நீங்க வெட்டிக் குடுத்ததுதான. மூல சரியாத்தான இருக்கும்?"

இராஜமாணிக்கம் வெட்டியது என்றால் மூலை பிசகாது. தோசைத் திருப்பியை ஹெட்டின் மட்டமான முகத்தில் ஊன்றிக் கண்ணை இடுக்கினார். "கொஞ்சம் கிழக்கே... இன்னும்... அப்படியே நில்லு. போடு!" டிரில் இறங்கியது. டேப் இறங்கியது, கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். இத்தனை பெரிய உடம்பில் இத்தனை மெதுவான கையை இராஜமாணிக்கம் எதிர்பார்க்கவில்லை. புஷ்ஷுக்குப் பசை தடவி ஹரிஷங்கர் உள்ளே திருகி இறக்கினார். விளிம்பு முகத்தோடு முகமாக மறைந்தது. தடவினால் இருப்பதே தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். பத்து வருஷத்தில் அவர் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அது.

பசை இறுகக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று டீ வந்தது. துணியை எடுத்துக் குழாயைத் திரும்பப் பொருத்தியபோது, அந்த ஓரத்துப் போல்ட்டை யார் இறுக்குவது என்ற பேச்சு எழுந்தது. என் புஷ், நான்தான் என்றார் ஹரிஷங்கர். வண்டி ஸ்பானர், நான்தான் என்றார் இராஜமாணிக்கம். வசந்தி இரண்டு பேரையும் விலக்கிவிட்டு ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். வண்டி அவளுடையது.

"மெதுவா, மெதுவா" என்றார் இராஜமாணிக்கம். "இன்னும், இன்னும். என் புஷ் தாங்கும்" என்றார் ஹரிஷங்கர். "போதும்டி, போதும்!" "பாபி, கொஞ்சம்!" அவள் இருவரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் மணிக்கட்டு சொன்ன இடத்தில் நிறுத்தினாள். சீட்டை இறக்காமலே, வெளியிலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மரை பிடிக்காவிட்டால் அந்த ஓரத்தில் புகை சீழ்க்கை அடிக்கும். இரண்டு பேரும் எஞ்சின்மேல் காதை வைத்து, மூக்கும் மூக்கும் இடிக்கக் கேட்டார்கள். சீழ்க்கை இல்லை. வசந்தி சீட்டைப் போட்டு உட்கார்ந்தாள். ஹரிஷங்கர் சட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, "வழியில ஏதாவதுன்னா?" என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு இராஜமாணிக்கத்தோடு வேனின் பின்பக்கம் ஏறினார்.

பாலத்தருகே போலீஸ்காரர் அப்போதுதான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதியைப் பார்த்தார், ஓட்டுகிற பௌதியைப் பார்த்தார், பின்னால் தோசைக்கல்லைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த இரண்டு பெரிய மனிதர்களையும் பார்த்தார். கயிற்றை இறக்கினார். பந்தலில் டாக் கொட்டு ஆரம்பித்தபோது வேன் தன் இடத்தில் போய் நின்றது. காலால் அளந்து பார்த்த எக் ரோல்காரர் தன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நகர்த்திக்கொண்டார்.

அன்றைக்கு வசந்தி சுட்ட தோசைக்குக் கணக்கில்லை. பிரியங்கா வங்காளியில் கூவிக் கூவிக் குரல் போயிற்று. இராஜமாணிக்கம் சட்னி ஊற்றினார், ஹரிஷங்கர் தட்டுக் கொடுத்தார். இருவரும் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் காயிலின் பெருமையையும் புஷ்ஷின் பெருமையையும் எடுத்துச் சொல்ல, ஜனங்கள் ஏதோ புதுத் தோசை வகை என்று நினைத்துத் தலையாட்டினார்கள். கமிட்டி செக்ரடரி மூன்றாவது தோசைக்கு வந்தபோது, "பௌதி, அடுத்த வருஷம் சஷ்டியிலேர்ந்தே வந்துருங்க" என்றார். வசந்தி தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. தன் வாழ்க்கையில் சரிசெய்த எந்த எஞ்சினும் இவ்வளவு அழகாக ஓடியதில்லை என்று இராஜமாணிக்கத்துக்குத் தோன்றியது.

மறுநாள் தசமி. காலையில் கடையில் மறுபூஜை. சூடம் காட்டி, பூவை எடுத்து, கருவிகளை ஒவ்வொன்றாகச் சுவருக்கு அனுப்பினார்கள். கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. இராஜமாணிக்கம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, எந்த லாரிக்கும் வழிவிடாமல், நேராகச் சந்தைக் கடந்தார். வசந்தி பின்னாலேயே போனாள். ஹரிஷங்கர் வேலையில் இருந்தார். அவருடைய மேஜைமேல் அந்தக் கழுத்து மடங்கிய டிரில் கிடந்தது, பக்கத்தில் யாருடையதோ ஒரு ஹெட், துளைகள் மேல்நோக்கி.

இராஜமாணிக்கம் கட்டைவிரலைச் சந்தனத்தில் முக்கினார்.

"மாணிக்! டிரில்லுக்கு மட்டும்!" சந்துக்கே கேட்கும்படி அலறினார் ஹரிஷங்கர். இரண்டு கையையும் விரித்து ஹெட்டின் துளைகளை மூடிக்கொண்டார்.

இராஜமாணிக்கம் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு, மோதிர விரல் நுனியால் கொஞ்சமாகத் தொட்டு, டிரில்லின் முதுகில் ஒரு பொட்டு வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். பார்க்க நன்றாக இருந்தது. கை தானாக மறுபடி கிண்ணத்துக்குப் போயிற்று.

"போதும்" என்றாள் வசந்தி.